ஓர்கன் இல்லாத ஆறு புலம்பல்கள்

யூஜினி அமிர்தநாதருக்குக் கோயிலில் வேலை இல்லாத நாள் வருஷத்தில் ஒன்றுதான். அது பெரிய வெள்ளி. பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் பாடி முடிந்ததும் ஓர்கனை மூடிப் பூட்டித் திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள். சனிக்கிழமை உயிர்ப்புப் பூசையில் அதே கீதம் திரும்ப வரும்வரை ஓர்கன் ஒலிக்காது. மணியும் அடிக்காது, மரச்சட்டம்தான் தட்டப்படும். யேசுவின் பாடுகளை நினைத்துக் கோயில் வாயை மூடிக்கொண்டிருக்கும் நாட்கள் அவை. ஊர்காவற்றுறையிலும் அப்படித்தான், ஸ்காபரோவிலும் அப்படித்தான்.

இந்த வருஷமும் பெரிய வெள்ளிக்குச் சும்மா இருக்கத்தான் போனாள். போன இடத்தில், இருபத்துமூன்று வருஷங்களுக்கு முன் தன் கையால் செய்த ஒரு பிழையைக் கண்டாள்.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்பது சொந்தக்காரருக்கே சரியாகத் தெரியாது. "யூஜினி வீட்டில இருந்து மியூசிக் ரைப் பண்ணிறவ" என்பார்கள். அவள் திருத்தப் போவதில்லை. மற்றப்படி எதைக் கண்டாலும் திருத்துகிறவள். கலியாணக் கார்ட்டில் திகதியும் கிழமையும் பொருந்தாவிட்டால் நன்றி சொல்வதற்கு முன் அதைத்தான் சொல்வாள்.

பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகளிடம் பியானோ படித்து ஐந்தாம் கிறேட் சோதினை பாஸ் பண்ணியிருந்தாள். சங்கீதம் படித்ததற்கு அத்தாட்சி அந்த ஒரு தாள்தான். எண்பத்தாறாம் ஆண்டு, அந்தக் காலத்தில் பலர் போனதுபோல, கிழக்கு பெர்லின் வழியாக ஜெர்மனிக்குப் போனாள். அகதிகளை வைத்திருந்த விடுதிக்குப் பக்கத்தில் இசைப் புத்தகங்கள் அச்சிடும் பதிப்பகம் ஒன்று இருந்தது. அதில் பொதி கட்டும் வேலை கிடைத்தது. அச்சில் பழுதான தாள்களைத்தான் சுற்றுவதற்குக் கொடுப்பார்கள். சுற்றுவதற்கு முன் அவள் அவற்றை வாசிப்பாள். மற்றப் பெண்கள் பத்துப் பொதி கட்டினால் இவள் ஏழு கட்டுவாள்.

ஒரு நாள் சுற்றுத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறிப் போனாள். இந்த இடத்தில் வயலினுக்குக் கீழே வியோலா ஒத்துவராத சுரத்தில் நிற்கிறது, இது அச்சுப் பிழையா, இல்லை எழுதியவர் விரும்பித்தான் வைத்தாரா என்று, தனக்குத் தெரிந்த நாற்பது ஐம்பது ஜெர்மன் சொற்களை வைத்துக் கேட்டாள். மேசையில் இருந்த நெடுத்த மனிதர் தாளை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"இது ஆயிரம் பிரதி விற்றுவிட்டது" என்றார். பிறகு எழுந்து நின்று, தன் பெயரைச் சொல்லிக் கைகொடுத்தார்.

அவர்தான் பேராசிரியர் ஹின்றிக் டீடெர்ஸ். மத்தியாஸ் ஏக்கன்ஹோபர் என்ற பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளரின் ஆக்கங்களைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பதிப்பிப்பதில் தன் ஆயுளைப் போட்டுக்கொண்டிருந்தவர். ஏக்கன்ஹோபர் தெற்கே ஓர் ஆயரின் அரண்மனைக் கோயிலில் வேலை பார்த்தவர். பெரிய பெயர் இல்லை. "பெரிய பெயர்களையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள், எனக்கு மிஞ்சியவர் இவர்" என்று பேராசிரியர் சொல்வார்.

பொதி கட்டிய யூஜினியை அவர் தன் பதிப்பு வேலைக்கு, புரூஃப் பார்க்க, எடுத்துக்கொண்டார். அந்த வேலையை அவள் யாரிடமும் படிக்கவில்லை, பார்த்துப் பழகினாள். இசையமைப்பாளர் எழுதிய தாள் பெரும்பாலும் இருக்காது. படியெடுத்தவர்களின் பிரதிகள் இருக்கும். ஒன்றில் இருப்பது மற்றதில் இராது. எது அவர் எழுதியது, எது படியெடுத்தவரின் கைப்பிசகு என்று ஒவ்வொரு சுரமாகத் தீர்மானிக்கவேண்டும். தீர்மானித்ததைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லிவிடவேண்டும். மறைத்துத் திருத்தக்கூடாது. அது ஒன்றுதான் சட்டம்.

தொண்ணூற்றிரண்டில் அமிர்தநாதரைக் கலியாணம் முடித்து ரொறன்ரோவுக்கு வந்தபோது, இனி இதெல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாள். மூன்றாம் மாதம் ஜெர்மன் முத்திரை ஒட்டிய பொதி ஒன்று வாசலில் கிடந்தது. உள்ளே ஐந்தாம் தொகுதியின் புரூஃபும் ஒரு சிவப்புப் பென்சிலும் இருந்தன. பச்சைப் பென்சில் பேராசிரியருடையது, சிவப்பு அவளுடையது. அன்றிலிருந்து பகலில் மார்க்கம் நகரில் ஒரு மருந்துக் கம்பனியில் போத்தல் லேபல் சரிபார்க்கும் வேலை, பின்னேரத்தில் பேஸ்மென்றில் ஏக்கன்ஹோபர். லேபல் வேலையிலிருந்து போன வருஷம் ஓய்வு பெற்றாள்.

புரூஃப் பார்ப்பதற்கு அவளிடம் சொந்த முறை ஒன்று உண்டு. பாட்டைக் கடைசிச் சுரத்திலிருந்து முதற்சுரத்துக்குப் பின்னோக்கி வாசிப்பாள். முன்னோக்கி வாசித்தால் காது முந்திக்கொண்டு ஓடிப்போய், தாளில் இல்லாததையும் கேட்டுவிடும். பின்னோக்கிப் போகும்போது காதுக்கு வேலை இல்லை, கண் மட்டும்தான். இந்த முறையால் அவள் பிடித்த பிழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

பன்னிரண்டு தொகுதிகளிலும் பேராசிரியருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஏழாவது. அதில் எரேமியாவின் புலம்பல்கள் ஒன்பது. பரிசுத்த வாரத்தில் மூன்று மாலைகளில், மாலைக்கு மூன்றாகப் பாடுவதற்கு எழுதப்பட்டவை. புதன் மாலைக்குரிய மூன்றுக்கும் ஓர்கனுக்கான ஏடு இருந்தது. வியாழன், வெள்ளி மாலைகளுக்குரிய ஆறுக்கும் இல்லை. அந்த ஏட்டில் மூன்றாம் புலம்பலுக்குப் பிறகு எட்டுத் தாள்கள் வெட்டப்பட்டு, அடிக்கட்டை மட்டும் நின்றது. அந்த நாட்களில் ஓர்கன் ஒலிக்காது என்ற ஒழுங்கு பேராசிரியருக்குத் தெரியாததல்ல. ஆனால் அரண்மனைக் கோயில்கள் பல அந்த ஒழுங்கை மீறியதுண்டு, இங்கே தாள்கள் இருந்து தொலைந்திருக்கின்றன என்பதற்கு அடிக்கட்டையே சாட்சி என்று வாதித்தார். பிறகு மூன்று வருஷம் குந்தியிருந்து, மற்றக் குரல்களை வைத்து, அந்த ஆறுக்கும் ஓர்கன் பாகத்தைத் தானே எழுதிச் சேர்த்தார். ஏக்கன்ஹோபரே எழுதியதுபோல் இருக்கிறது என்றார்கள். பாடகர் குழுக்கள் அப்படியே பாடின, இசைத்தட்டும் வந்தது. அந்தத் தொகுதியின் இரண்டாம் பதிப்பு இந்த வருஷம் உயிர்ப்பு ஞாயிறு கழிந்த செவ்வாய் அச்சுக்குப் போக இருந்தது. புரூஃபை அவள் பெரிய வியாழன் காலைதான் முடித்திருந்தாள்.

மறுநாள் பெரிய வெள்ளி. மூன்று மணிச் சடங்குக்கு முன்னமே கோயில் நிறைந்துவிட்டது. முழங்கால் வருத்தத்தால் முன்வாங்குக்குப் போகாமல், பாடகர் குழுவில் ஆண்கள் நிற்கும் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் யூஜினி உட்கார்ந்தாள். பாடகர் குழுவை நடத்தும் அன்ரனெற் தாள்களைக் கொடுத்துக்கொண்டு வந்தாள். யூஜினிக்குத் தாய்வழியில் தூரத்துச் சொந்தம், வாய் கொஞ்சம் நீளம்.

"ஓர்கன் அக்காவுக்கு இண்டைக்கு லீவு. குடுத்து வைச்ச ஆள்."

"நாளைக்கு நீர் வந்து வாசியும், நான் குடுத்து வைக்கிறன்" என்றாள் யூஜினி.

அன்ரனெற் சிரித்துக்கொண்டே அமிர்தநாதரிடம் திரும்பினாள். ஓர்கன் இல்லாத நாளில் முதற்சுரத்தை எடுத்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. சட்டைப்பையில் சுரம் காட்டும் சின்ன ஊதி ஒன்று வைத்திருப்பார். வெளியே போய் மெல்ல ஊதிக் கேட்டுவிட்டு வந்து, அந்தச் சுரத்தை வாய் திறக்காமல் முனகுவார். மற்றவர்கள் அதிலிருந்து பிடித்துக்கொள்வார்கள்.

"அண்ணை, போன வருஷம் எங்களை எல்லாம் கூரையில ஏத்திவிட்டனீங்கள். பொம்பிளைப் பிள்ளையளின்ரை சுரத்தை ஊதிப்போட்டு வந்து நிண்டனீங்கள். சிவானி மூச்சு எடுக்கேலாமல் இருந்துட்டாள்."

"பாடினவை தானே? ஆரும் சாகேல்லையே?"

"பகிடி விடாதேங்கோ. இந்த முறை உங்கட சுரம் எது எண்டு தாளில போட்டு விட்டிருக்கிறன். கண்ணாடியைப் போட்டுப் பாருங்கோ."

அமிர்தநாதர் கண்ணாடியைத் தேடினார். அது வீட்டில். தாளை மனைவியிடம் நீட்டினார். "இஞ்ச பாரும், என்ன கீறியிருக்கிறா எண்டு சொல்லும்."

யூஜினி வாங்கிப் பார்த்தாள். ஆண்குரல் வரியின் தொடக்கத்தில், பாட்டு ஆரம்பிப்பதற்கு முன், வால் இல்லாத சின்னக் கறுப்புப் புள்ளி ஒன்று பென்சிலால் போடப்பட்டிருந்தது.

அவள் சுரத்தின் பெயரைச் சொன்னாள். அவர் வெளியே போய் ஊதிவிட்டு வந்தார். மரச்சட்டம் தட்டப்பட்டது. சனம் எழுந்தது. அமிர்தநாதர் அவளுடைய காதுக்குப் பக்கத்தில், நெஞ்சுக்குள்ளிருந்து, அந்த ஒரு சுரத்தை முனகினார். நாற்பது குரல்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகத் தொடங்கின.

எல்லோரும் முழந்தாளிட்டபோது யூஜினி தாளைக் கையில் வைத்தபடி கதிரையிலேயே இருந்தாள். இந்தப் புள்ளியை அவள் முன்னர் கண்டிருக்கிறாள். கண்டு, வெட்டியிருக்கிறாள்.

சடங்கு முடிந்து மண்டபத்தில் கஞ்சி கொடுத்தார்கள். அவள் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உடுப்புக்கூட மாற்றாமல் பேஸ்மென்றுக்கு இறங்கினாள். ஏழாம் தொகுதியின் பழைய பெட்டியில் மூலப் பிரதியின் படங்களும் முதற்பதிப்பின் புரூஃபும் இருந்தன. தாழ்ந்த ஆண்குரலுக்கான ஏட்டை எடுத்தாள். முதல் மூன்று புலம்பல்களும் துப்புரவாகத் தொடங்கின, முன்னால் ஒன்றும் இல்லை. நாலாவதின் முன்னால் வால் இல்லாத ஒரு புள்ளி. ஐந்தாவதிலும். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பதிலும். ஆறு இடத்திலும் அது அந்தப் பாட்டில் ஆண்குரல் தொடங்கும் சுரமாகவே இருந்தது.

பிறகு புரூஃபை எடுத்தாள். ஆறு புள்ளிக்கும் சிவப்புப் பென்சிலால் வட்டம். பக்கத்தில் அவளுடைய கையெழுத்து: 'மைத் துளி போலும். நீக்கலாமா?' கீழே பச்சைப் பென்சிலில் ஒரு சொல்: 'நீக்குக.'

பின்னோக்கி வாசித்ததன் பலன் அது. பாட்டின் முதற்சுரத்தையும் தாண்டி, எல்லாம் முடிந்த பிறகு தனியாக நின்ற புள்ளி அவளுக்கு ஒரு சிந்தல்போலத்தான் தெரிந்தது. முன்னோக்கி ஒரு தடவை பாடிப் பார்த்திருந்தால், தன் புருஷன் வருஷாவருஷம் செய்யும் வேலை அது என்று தெரிந்திருக்கும். ஓர்கன் ஒலிக்கும் மாலைக்கு அந்தப் புள்ளி தேவைப்படவில்லை. ஓர்கன் ஒலிக்காத இரண்டு மாலைகளுக்கு மட்டும் தேவைப்பட்டிருக்கிறது. தொலைந்த பாகம் என்று ஒன்று கிடையாது. பேராசிரியர் மூன்று வருஷம் இருந்து எழுதியது, எழுதப்படாத ஒன்றை. அதைத் தடுத்திருக்கக்கூடிய ஒரே சாட்சியை அழித்தவள் அவள். மைத் துளி என்று நினைத்ததால் புத்தகத்தின் பின்பக்கத்தில்கூடக் குறிக்கவில்லை.

அமிர்தநாதர் கஞ்சியைச் சூடாக்கிக் கொண்டுவந்து படியில் நின்றார். அவள் எல்லாவற்றையும் காட்டினாள்.

"அப்ப அந்த மனிசன்ரை ஓர்கன் எல்லாம் வெறும் கற்பனையே?"

"கற்பனைதான்."

"ஆருக்கும் தெரியுமோ?"

"எனக்குத் தெரியும்."

அவர் அவளுக்குப் பக்கத்தில் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். "முப்பத்தெட்டு வருஷப் பழக்கம் யூஜினி. அவருக்கு எண்பத்துநாலு வயசு. மனிசி செத்து, ஒரு அறையுக்கை தனிய இருக்கிறார். உந்த ஒண்டைத்தான் பெரிசாய்ச் சொல்லித் திரியிறார். உதையும் பறிச்சுப்போட்டு நீர் என்ன செய்யப்போறீர்?"

"இப்ப விட்டால் இன்னும் அம்பது வருஷத்துக்கு இப்பிடியே பாடப்போகினம்."

"பாடட்டுமே. வடிவாய்த்தானே கிடக்குது?"

வடிவாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஸ்டெபனி அஜக்ஸிலிருந்து குடும்பத்தோடு சாப்பாட்டுக்கு வந்தாள். தாய் புரியாணிக்கு உப்புப் போட மறந்ததைக் கண்டு விசாரித்து, விஷயத்தைக் கேட்டாள். "அம்மா, ஜஸ்ட் ஈமெயில் பண்ணுங்கோ. வட்ஸ் த பிக் டீல்?"

"அவர் வாசிக்கேக்கை பக்கத்தில ஆரும் இருக்க மாட்டினம் பிள்ளை. அதுதான் டீல்."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். அங்கே பிற்பகல் இரண்டு. பேராசிரியர் சாப்பிட்டு முடித்து மேசைக்கு வந்திருக்கும் நேரம். சொல்லவேண்டியதை ஜெர்மன் மொழியில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். பொதி கட்டிய நாட்களிலும் மாடி ஏறுவதற்கு முன் அப்படித்தான் எழுதிவைத்தாள்.

"ஃபிராவ் அமிர்தநாதர்! புரூஃப் வந்தது. வழமைபோல நன்று."

"நன்றல்ல, ஹெர் ப்ரொபெஸர். ஏழாம் தொகுதியில் என் பிழை ஒன்று இருக்கிறது. இரண்டாயிரத்தோராம் ஆண்டிலிருந்து இருக்கிறது."

ஆறு புள்ளிகளையும் அவற்றின் இடங்களையும் வரிசையாகச் சொன்னாள். முதல் மூன்றிலும் இல்லை என்பதைச் சொன்னாள். கோயிலில் அன்ரனெற் போட்ட புள்ளியையும் கணவர் முனகியதையும் சொன்னாள். ஓர்கன் என்ற சொல்லை அவள் எடுக்கவே இல்லை. எடுக்கத் தேவைப்படவில்லை.

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"உங்கள் கணவர் எந்தச் சுரத்தை முனகினார்?"

சொன்னாள்.

"அவர் முனகுவதை இத்தனை வருஷமும் கேட்டிருக்கிறீர்களா?"

"முப்பது வருஷம் கேட்டிருக்கிறேன். இந்த முறைதான் தாளில் பார்த்தேன்."

"நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை" என்றார். "எங்கள் வடக்கில், புரட்டஸ்தாந்துக் கோயில்களில், பெரிய வெள்ளியன்றுதான் ஓர்கன் அதிகமாக ஒலிக்கும்." பிறகு, குரல் மாறாமல், "அச்சகத்துக்குச் சொல்லி நிறுத்தி வைக்கிறேன். நான் பார்க்கவேண்டும்" என்று போனை வைத்துவிட்டார். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. ஒருநாளும் அப்படி வைத்தவரல்ல.

பத்து நாட்கள் போயின. யூஜினி கோயிலில் உயிர்ப்புக் காலப் பாட்டுகளை வாசித்தாள். ஒரு பூசையில் இரண்டு தடவை பிசகினாள். அன்ரனெற் திரும்பிப் பார்த்தாளே தவிர, பகிடி விடவில்லை. வீட்டில் அமிர்தநாதர் காலையில் அவளுக்கு முன்னமே போய்த் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தார்.

பதினோராம் நாள் பொதி வந்தது. இப்போதெல்லாம் எல்லாம் கணினியில்தான் வரும். இது தாளில் வந்தது. மேலே ஒரு கடிதம், பச்சைப் பென்சிலில்.

நூலகம் மூலப் பிரதியைப் புதிதாக வண்ணப் படம் எடுத்து வைத்திருப்பதாகவும், அதைப் பெருப்பித்துப் பார்த்ததாகவும் எழுதியிருந்தார். பழைய படத்தில் வெட்டிய தாள்களின் அடிக்கட்டை நிழலுக்குள் இருந்தது. இப்போது தெரிகிறது. கட்டைகள் விரல் அகலம். இசை எழுதக் கீறிய ஐந்து கோடுகள் அவற்றில் இருக்கின்றன. பாட்டு எழுதியிருந்தால் ஒவ்வொரு வரியின் தொடக்கக் குறியும் அந்த இடத்தில்தான் விழவேண்டும். எட்டுக் கட்டையிலும் ஒரு குறிகூட இல்லை. 'அவை வெறும் தாள்கள். ஏக்கன்ஹோபருக்குக் கோடு போட்ட தாள் தேவைப்பட்டிருக்கிறது, வெட்டி எடுத்திருக்கிறார். அடிக்கட்டையை நானும் சரியாகப் பார்க்கவில்லை. உங்கள் பிழையை நீங்கள் எனக்கு முந்திக் கண்டுகொண்டீர்கள், அவ்வளவுதான்.'

ஆறு புள்ளிகளும் தங்கள் இடத்துக்குத் திரும்பவேண்டும், அதற்கான குறிப்பை நீங்கள் எழுதவேண்டும் என்றும் கேட்டிருந்தார். அவள் அன்றைக்கே எழுதினாள். நாலு வரி. 'இப்புள்ளிகள் பாடகர் சுரம் பிடிப்பதற்கானவை. ஓர்கன் ஒலிக்காத நாட்களின் புலம்பல்களில் மட்டும் காணப்படுகின்றன. முதற்பதிப்பில் புரூஃப் பார்த்தவரின் தவறான ஆலோசனையால் குறிப்பு எதுவுமின்றி நீக்கப்பட்டன.' அடியில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டாள். அமிர்தநாதருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள்.

"உதில என்னைப்பற்றி ஒண்டும் இல்லையே?"

"என்னத்தை எழுதிறது? போன வருஷம் கூரையில ஏத்தினதையோ?"

பொதியின் அடியில் இன்னும் ஒரு கட்டுத் தாள் இருந்தது. அவருடைய ஓர்கன் பாகம். ஆறு புலம்பல்களுக்கும் உள்ளிருந்து எடுத்து, புத்தகத்தின் கடைசியில், சின்ன எழுத்தில், பின்னிணைப்பாக அடுக்கியிருந்தார். தலைப்பில் 'பதிப்பாசிரியர் எழுதியது' என்று மட்டும் இருந்தது. ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில், இதையும் ஒருமுறை பார்த்துத் தரும்படி கேட்டிருந்தார்.

யூஜினி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சிவப்புப் பென்சிலைச் சீவினாள். கடைசிப் பக்கத்தின் கடைசிச் சுரத்திலிருந்து பின்னோக்கி வாசித்துக்கொண்டு போனாள். பின்னேரம் முழுவதும் போயிற்று. முதற்சுரம் வந்த பிறகு, இந்த முறை, முதலிலிருந்து தொடங்கி முன்னோக்கியும் வாசித்தாள். வாய்க்குள் பாடிக்கொண்டே வாசித்தாள். ஒரு சுரம் இடறவில்லை. எந்த இடத்திலும் ஒரு குரல் மற்றதை முட்டவில்லை. மூன்று வருஷ வேலை, இருபத்தெட்டுப் பக்கம்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் 'பிழை இல்லை' என்று எழுதி, திகதி போட்டாள்.